கருவில் நரம்பு மண்டல உருவாக்கமும் அதன் கால எல்லையும்: திருப்பெரும்புதூர்த் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மனிதக் கருவில் நரம்பு மண்டலத்தின் அடித்தளமாகிய நரம்புக் குழல், கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. பெரும்பாலான பெண்கள் கருவுற்றதை உறுதிசெய்து மருத்துவமனையை அணுகுவதற்கு முன்பே இந்நிகழ்வு நிறைவுறுகிறது. நரம்புக் குழல் உருவாகும் முறை, அதில் ஃபோலிக் அமிலத்தின் பங்கு, இந்தக் கால எல்லை பெண் தொழிலாளர் நலனோடு கொண்டுள்ள தொடர்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நரம்புத் தட்டு, நரம்புக் குழல், ஃபோலிக் அமிலம், தண்டுவடப் பிளவு, பெண் தொழிலாளர்.

முன்னுரை

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை அடுத்துள்ள ஊர் பென்னலூர். இவ்வூர் தொடங்கி ஒரகடம் வரை பரந்துள்ள மின்னணு, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். மகப்பேற்று வயதில் உள்ள இப்பெண்களுக்குக் கருவியல் கூறும் செய்திகளுள் முதன்மையானது காலம் பற்றியதாகும். அதனை உணர, நரம்பு மண்டலம் உருவாகும் வரிசையை முதலில் அறிதல் வேண்டும்.

நரம்புத் தட்டிலிருந்து நரம்புக் குழல் வரை

கருவளர்ச்சியின் மூன்றாம் வாரத்தில் கருவானது புறப்படை, இடைப்படை, அகப்படை என்னும் மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. தோலும் நரம்பு மண்டலமும் புறப்படையிலிருந்தே தோன்றுகின்றன. புறப்படையின் ஒரு பகுதி மட்டும் நரம்புத் திசுவாக மாறுவது எவ்வாறு என்னும் வினாவிற்கு, 1924-ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஸ்பேமன், ஹில்டே மாங்கோல்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டியது. நீர்நில வாழ்வியான நியூட்டின் கருவிலிருந்து ஒரு சிறு திசுவை எடுத்து மற்றொரு கருவில் பொருத்தியபோது, அங்கே இரண்டாவதாக ஒரு நரம்பு அச்சு தோன்றியது. அண்டைத் திசுவின் தூண்டுதலே புறப்படையின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. புறப்படையைத் தோலாக மாறச் செய்யும் புரதச் சமிக்ஞைகளை அத்திசு சுரக்கும் நோகின், கோர்டின் போன்ற புரதங்கள் தடுக்கின்றன என்பதைப் பிற்கால மூலக்கூறு ஆய்வுகள் தெளிவுபடுத்தின. இத்தடையின் விளைவாகவே அப்பகுதி நரம்புத் திசுவாகிறது.

இவ்வாறு தடித்த பகுதி நரம்புத் தட்டு எனப்படும். அதன் நடுப்பகுதி குழிந்து பள்ளமாகிறது. இரு ஓரங்களும் மடிப்புகளாக உயர்ந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஏறத்தாழ 22-ஆம் நாளில் பின்னாளில் கழுத்தாக அமையும் பகுதியில் மடிப்புகள் இணையத் தொடங்கி, அவ்விணைப்பு தலைப்பக்கமும் வால்பக்கமும் பரவுகிறது. தலைப்பக்கத் துளை ஏறத்தாழ 25-ஆம் நாளிலும், வால்பக்கத் துளை ஏறத்தாழ 28-ஆம் நாளிலும் மூடுகின்றன. மூடிய குழலின் முன்முனை முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்னும் மூன்று புடைப்புகளாகிறது. எஞ்சிய பகுதி தண்டுவடமாகிறது. மடிப்புகளின் விளிம்பிலிருந்து பிரியும் நரம்பு முகட்டு உயிரணுக்கள் இடம்பெயர்ந்து புற நரம்புகளின் பெரும்பகுதியை உருவாக்குகின்றன.

தலைப்பக்கம் மூடாவிடின் மூளையின்மை என்னும் குறைபாடும், வால்பக்கம் மூடாவிடின் தண்டுவடப் பிளவும் ஏற்படுகின்றன. முன்னதில் குழந்தை உயிர்பிழைப்பதில்லை. பின்னது கால்களின் செயலிழப்பையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டின்மையையும் வாழ்நாள் முழுதும் விளைவிக்கக்கூடும்.

ஃபோலிக் அமிலமும் ஆலைப் பெண்களும்

மடிப்புகள் உயர்ந்து இணைவதற்கு உயிரணுக்கள் மிக விரைவாகப் பகுபட வேண்டும். அப்பகுப்புக்கான மரபணுப் பொருளை உருவாக்க ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து இன்றியமையாதது. இச்சத்தின் கண்டுபிடிப்பு இந்தியப் பெண் தொழிலாளரோடு தொடர்புடையது என்பது குறிப்பிடத்தக்கது. 1928-இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயின் நெசவாலைப் பெண்களிடையே கருவுற்ற காலத்தில் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரில் இராபர்ட் மெக்கேரிசனின் உணவூட்ட ஆய்வுக்கூடத்திலும் அவர் பணிபுரிந்தார். ஈஸ்ட் சாற்றால் அந்நோய் குணமாவதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த காரணி பின்னர் ஃபோலேட் என அறியப்பட்டது. 1941-இல் பசலைக்கீரை வகையொன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அது பெயர் பெற்றது.

நரம்புக் குழல் குறைபாடுள்ள கருவை முன்னர்ச் சுமந்த பெண்களிடம் ஏழு நாடுகளில் நடத்தப்பட்ட பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் குழுமத்தின் ஆய்வு 1991-இல் வெளியாயிற்று. நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடம் அக்குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்ததை அது நிறுவியது. மரபுக் கூறுகள், தாயின் கட்டுப்படாத நீரிழிவு, சில வலிப்புநோய் மருந்துகள் ஆகியனவும் காரணங்களாவதால் ஃபோலிக் அமிலம் எல்லாக் குறைபாடுகளையும் தடுத்துவிடாது. எனினும் எளிதில் கிடைக்கும் தடுப்பு முறைகளுள் அதுவே தலையாயது.

கால எல்லையும் பதிவு எல்லையும்

மருத்துவமனைகள் கருவின் வயதை இறுதி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகின்றன. கருவுறுதல் அதிலிருந்து ஏறத்தாழ 14-ஆம் நாளில் நிகழ்வதால், நரம்புக் குழல் மூடும் 28-ஆம் நாள் என்பது மருத்துவக் கணக்கில் ஆறாம் வார முடிவாகும். 28 நாள் சுழற்சியில் மாதவிடாய் தவறியதை ஒரு பெண் அறிவது நான்காம் வார முடிவில். ஆகவே அவருக்கு எஞ்சுவது இரண்டு வாரங்களே. சுழற்சி ஒழுங்கற்றிருப்பின் அவ்விடைவெளியும் அற்றுப்போகும்.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 12 வாரத்திற்குள் பதிவு செய்வதை வலியுறுத்துகிறது. இரத்தசோகை, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்காணிக்க இவ்வெல்லை பெரிதும் பயன்படுகிறது. ஆயின் 12-ஆம் வாரத்தில் பதிவு செய்யும் தாயின் கருவில் நரம்புக் குழல் மூடி ஆறு வாரங்கள் கடந்திருக்கும். கருத்தரிக்க விழையும் பெண்கள் முன்கூட்டியே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என நடுவண் அரசின் இரத்தசோகை ஒழிப்புத் திட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது. பணிக்கும் விடுதிக்கும் இடையே நாளைக் கழிக்கும் பெண்ணை இவ்வறிவுரை சென்றடைய வேண்டிய இடம் மகப்பேற்றுப் பிரிவு அன்று. தொழிற்சாலையின் மருத்துவ அறையும் உணவுக்கூடமுமே ஆகும்.

குழலுக்குப் பின்

குழல் மூடியபின் அதன் உட்சுவரில் பிறக்கும் நரம்பணுக்கள் ஆரவடிவத் துணையணுக்களைப் பற்றிக்கொண்டு வெளிநோக்கி நகர்ந்து மூளைப் புறணியை அடுக்கடுக்காக அமைக்கின்றன. முதலில் வந்தவை ஆழத்திலும் பின்வந்தவை மேலேயும் தங்குகின்றன. இக்கட்டத்தைக் காட்டும் வகையில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவின் இரண்டாம் மும்மாத மூளைகளின் 5,132 வெட்டுப் பரப்புகளை உயிரணு அளவில் படமாக்கி, ‘தரணி’ என்னும் பெயரில் 2024 டிசம்பரில் அனைவரும் காண வெளியிட்டது. இம்முயற்சியில் மருத்துவ ஒத்துழைப்பு நல்கியவற்றுள் ஒன்றான சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பென்னலூர் அமைந்துள்ள அதே நெடுஞ்சாலையில் தண்டலத்தில் உள்ளது.

முடிவுரை

நரம்பு மண்டல உருவாக்கம் பிறப்பிற்குப் பின்னும் தொடர்வதாயினும், நரம்புக் குழல் மூடுதல் மீண்டும் நிகழாத ஒரு கட்டமாகும். ஃபோலேட் பற்றிய அறிவு ஆலைப் பெண்களின் உடல்நலத்தை ஆராய்ந்ததிலிருந்து தொடங்கியது. அவ்வறிவின் பயன் இன்றைய ஆலைப் பெண்களுக்குக் கருவுறுமுன்பே கிட்டுமாறு செய்தல், தொழிலக நலத்துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.