மழை மேலிருந்து மட்டும் வராது: ஹேமக் கேம்பிங்கில் நனையாமல் தூங்க தார்ப்பாய் கட்டுவது எப்படி?

வார இறுதி. கொல்லிமலைப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஹேமக், அதற்கு மேலே தார்ப்பாய். ரீல்ஸுக்கு செம ஷாட். இரவு 2 மணிக்கு மழை பிடிக்கிறது. பத்தே நிமிடத்தில் கால் பக்கம் ஈரம், இருபது நிமிடத்தில் முதுகுக்குக் கீழே குளம். தார்ப்பாய் எங்கும் கிழியவில்லை. ஆனாலும் ஆள் தெப்பம்!

ஹேமக் கேம்பிங்குக்குப் புதிதாக வரும் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. காரணம் சிம்பிள். தார்ப்பாயைக் குடை மாதிரி நினைத்துக் கட்டுகிறோம். ஆனால், காட்டுப் பக்கம் தண்ணீர் மூன்று வழிகளில் உள்ளே வருகிறது: பக்கவாட்டில் அடிக்கும் சாரல், பட்டை வழியாக வழிந்து வரும் நீர், தளர்ந்துபோன தார்ப்பாயில் தேங்கும் நீர். இந்த மூன்றையும் அடைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

நனைந்தால் என்ன, காலையில் காய்ந்துவிடாதா?

மலையில் அப்படி விட முடியாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மழை இரவில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உடல் சூடு வேகமாகக் குறையும். ஹைப்போதெர்மியா வர பனி கொட்ட வேண்டும் என்பதில்லை. 10 டிகிரியிலேயே வரலாம். நிற்காத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஹேமக்கில் முதுகுக்குக் கீழேயும் காற்று ஓடுவதால், தரையில் படுப்பவரைவிட இதில் குளிர் அதிகம்.

என்ன அளவு வாங்கலாம்?

முதலில் ஹேமக்கைக் கட்டிப் பாருங்கள். பட்டைகள் ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். இப்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை டேப் வைத்து அளக்கவும். 11 அடி ஹேமக், கட்டிய பிறகு சுமார் 9 அடிதான் இருக்கும். இந்த அளவுடன் இரு பக்கமும் தலா ஓர் அடி சேர்த்தால் வருவதுதான் தார்ப்பாயின் குறைந்தபட்ச நீளம். 9 அடிக்கு 11 அடி.

அகலமும் முக்கியம். கடைகளில் கிடைக்கும் 12-க்கு 9 அடி தார்ப்பாயை நடுவில் மடித்துத் தொங்கவிட்டால் பக்கத்துக்கு நாலரை அடி வரும். சாய்வாக இறக்கினால் படுத்திருக்கும் உடம்பை மறைக்க அது போதும். சதுரத் தார்ப்பாயை மூலைவாக்கில் கட்டுவோரும் உண்டு. நீளம் கிடைக்கும், ஆனால் தலையும் காலும் இருக்கும் இடத்தில் அகலம் குறுகிவிடும். கோடை இரவுக்கு ஓகே, பருவமழைக்கு வேண்டாம்.

எந்தத் துணி?

சாதாரண பிளாஸ்டிக் தார்ப்பாய்: விலை குறைவு, ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். எடைதான் சிக்கல். 12-க்கு 9 அடி என்பது சுமார் 10 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம் வாங்கினால் 2 கிலோ. காற்றில் படபடவென்று சத்தமும் போடும். பைக், காரில் போய் இறங்குபவர்களுக்கு இதுவே போதும்.

சில்நைலான்: சிலிக்கான் பூசிய நைலான். அதே அளவு அரை கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால், நைலான் ஈரம் பட்டால் நீளும். மாலையில் இழுத்துக் கட்டியது இரவில் தொய்ந்துவிடும்.

சில்பாலி: சிலிக்கான் பூசிய பாலியஸ்டர். எடை கிட்டத்தட்ட அதேதான். ஈரத்தில் தொய்வது மிகக் குறைவு. பையைச் சுமந்து நடப்பவர்களுக்கு, நம்ம ஊர் மழைக்கு, இதுதான் நல்ல சாய்ஸ்.

ஆன்லைனில் வாங்கும்போது '2,000 மி.மீ' போன்ற எண்ணைப் பார்க்கலாம். அந்த உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். 1,500-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் ஓரங்களில் சீல் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்கவும்.

எங்கே கட்டக் கூடாது?

கட்டும் முன் தலைக்கு மேலே பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் அந்த மரம் வேண்டாம். தென்னை மரம் வேண்டவே வேண்டாம். ஓடைக்கரையும் கூடாது, மலையில் எங்கோ பெய்த மழை, வெயில் அடிக்கும் இடத்திலும் வெள்ளமாக வரும். மேட்டில் தனியாக நிற்கும் மரம் இடியை வாங்கும். 12 முதல் 15 அடி இடைவெளியில் உறுதியான, உயிருள்ள இரண்டு மரங்கள் போதும். மரப்பட்டை அறுபடாமல் இருக்க ஓர் அங்குலத்துக்கு மேல் அகலமான பட்டையைப் பயன்படுத்துவது நல்லது.

இன்னொரு விஷயம். 2018-ல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாகின. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்குவது குற்றம். தனியார் எஸ்டேட், தோட்டம், அனுமதி பெற்ற முகாம் என்றால் பிரச்சினை இல்லை.

கட்டும் முறை

1. முதலில் தார்ப்பாய், பிறகுதான் ஹேமக். கழற்றும்போது தலைகீழ்: தார்ப்பாயைக் கடைசியில் கழற்றுங்கள். பை, படுக்கை எல்லாம் அதன் அடியிலேயே காய்ந்தபடி பேக் ஆகிவிடும்.

2. காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். சாய்ந்த அகலப் பக்கம் காற்றை எதிர்கொள்ள வேண்டும். திறந்திருக்கும் முனை காற்றைப் பார்த்தால், சாரல் நேராகக் காலில்தான். தென்மேற்குப் பருவக் காற்று மேற்கிலிருந்து வரும் என்றாலும், பள்ளத்தாக்கில் அது திசை மாறும். அந்த இடத்தில் இலை எந்தப் பக்கம் ஆடுகிறதோ, அதை நம்புங்கள்.

3. இரு மரங்களுக்கும் இடையே நடுக்கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டவும். லாரியில் லோடு கட்டுபவர்கள் ஒரு வளையம் போட்டு, அதன் வழியே கயிற்றை விட்டு இழுத்து முடிவார்களே, அதே முடிச்சுதான்.

4. ஹேமக்கின் முனைகளுக்கு ஒரு சாண் மேலே தார்ப்பாய் இருந்தால் போதும். படுத்ததும் ஹேமக் இறங்கும், இடைவெளி தானாகவே கூடும். 'வியூ' வேண்டும் என்று உயர்த்திக் கட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு.

5. நான்கு மூலைகளையும் முளை அடித்துச் சாய்வாக இறக்கவும். படுத்திருக்கும் உடம்பைவிடத் துணியின் ஓரம் தாழ்வாக இருக்க வேண்டும். மழை வலுத்தால் இன்னும் செங்குத்தாக இறக்கிவிடலாம்.

6. ஹேமக் பட்டையில், தார்ப்பாய்க்குச் சற்று உள்ளே, ஒரு துண்டு பருத்திக் கயிறோ பழைய ஷூ லேஸோ கட்டித் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து பட்டை வழியே வரும் நீர், விளக்குத் திரி போல இந்த நூலில் இறங்கித் தரையில் சொட்டிவிடும். காசே செலவில்லாத இந்த நூல் இல்லாவிட்டால், விலை உயர்ந்த தார்ப்பாய் இருந்தும் முதுகு நனையும். இரு பக்கமும் கட்ட மறக்க வேண்டாம்.

7. மழை தொடங்கி இருபது நிமிடம் கழித்து எழுந்து கயிறுகளை மீண்டும் இழுக்கவும். சில்நைலானுக்கு இது கட்டாயம். இல்லையென்றால் துணி தொய்ந்து பள்ளம் விழும், அதில் தண்ணீர் தேங்கும்.

இடி இடித்தால்?

தார்ப்பாய் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. மரத்தில் கட்டிய ஹேமக்கில் படுத்திருப்பது, இடி நேரத்தில் இருக்கவே கூடாத இடம். சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு திரும்பலாம். அதனால் இடம் தேர்வு செய்யும்போதே, ஓடிப்போய் ஒதுங்கும் தூரத்தில் ஒரு கூரை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

புதுத் தார்ப்பாயோடு நேராக மலை ஏற வேண்டாம். ஊரில் தோட்டத்திலோ, இரண்டு தூண்களுக்கு நடுவிலோ கட்டிப் பாருங்கள். ஒருவர் ஹேமக்கில் படுத்துக்கொள்ள, இன்னொருவர் ஹோஸ் பைப்பால் மேலிருந்தும், பக்கவாட்டிலிருந்தும், பட்டை மீதும் தண்ணீர் அடிக்கட்டும். பத்து நிமிடத்தில் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் நனைந்தால் துண்டு எடுத்துத் துவட்டிக்கொள்ளலாம். மலையில் இரவு 2 மணிக்கு அந்த வசதி இல்லை.