வண்ணம் பூசும் கையும் மறையுரை ஆற்றுகிறது

(வானொலியில் ஆற்றிய மறையுரை)



பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு தேயிலைத் தோட்டப் பங்கில், திருவிழாவை முன்னிட்டுப் பாடுபட்ட சுரூபத்தைப் புதுப்பிக்க முடிவு செய்தோம். பழைய மரச் சுரூபம் அது. மலை ஈரத்திலும் மெழுகுதிரிப் புகையிலும் நிறம் மங்கி, விலாக் காயம் கறுத்துப்போயிருந்தது. பங்குப்பேரவையில் பேசி, பணம் திரட்டி, பளபளப்பான எனாமல் வண்ணம் பூசச் சொன்னோம். கன்னத்தில் ரோஜா நிறம் வந்தது. காயங்கள் மெல்லிய சிவப்புக் கோடுகளாயின. எல்லாரும் பாராட்டினார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு வயதான அம்மா மட்டும் திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து, "சாமி, முன்னெல்லாம் அவரு முகத்தப் பாத்தா நம்ம கஷ்டம் இவருக்குத் தெரியும்னு இருக்கும். இப்ப அவருக்கு வலிச்ச மாதிரியே தெரியலீங்களே" என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, குருமடத்தில் நாம் படித்த ஒரு பாடத்தை நமக்கே நினைவூட்டிவிட்டார்.

தொடக்கத் திருச்சபையில் 'தோற்றவாதம்' என்றொரு தப்பறை இருந்தது. கடவுள் துன்பப்பட முடியாது. ஆகவே இயேசுவின் உடல் வெறும் தோற்றம், சிலுவையில் அவர் துன்புற்றதுபோல் காணப்பட்டார், அவ்வளவுதான் என்று அவர்கள் சொன்னார்கள். அதன் பின்னால் ஒரு மெய்யியல் நின்றது: பருப்பொருள் தாழ்ந்தது, உடல் இழிந்தது, தூய கடவுள் அதைத் தொடமாட்டார் என்பது. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனைக்காக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்தியோக்கு ஆயர் புனித இஞ்ஞாசியார், வழியில் எழுதிய மடல்களில் இதை மறுத்தார். அவர் பட்ட பாடு தோற்றமென்றால், நான் சுமக்கும் விலங்கு எதற்காக என்று கேட்டார். இந்தத் தப்பறையை மறுத்துத் தேர்வு எழுதிய நாமே, அதை எனாமலில் குழைத்துப் பூசிப் பீடத்தின்மேல் ஏற்றியிருந்தோம்.

மெய்யியல் புத்தகத்துக்கு உரியது, கலை கண்ணுக்கு உரியது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் பிசாந்தியப் பேரரசர்கள் திருப்படங்களை அகற்றச் சொன்னபோது, அவர்கள் தரப்பு எழுப்பியது மெய்யியல் கேள்வியே. ஓவியர் கிறிஸ்துவின் மனிதத் தன்மையை மட்டும் வரைந்தால் அவரைப் பிளக்கிறார். இறைத் தன்மையையும் வரைந்தால் எல்லையற்றவரை எல்லைக்குள் அடைக்கிறார். ஆகவே வரையவே கூடாது என்றார்கள். இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் ஓவியர் தூரிகையைத் தொட முடியாது.

தமஸ்கு நகரப் புனித யோவான் திருப்படங்களைக் காத்து மூன்று உரைகள் எழுதினார். உருவமற்ற கடவுளை முன்பு யாரும் வரையவில்லை. அவரே உடலெடுத்து மனிதரோடு வாழ்ந்தபின், கண்டதை வரைவதில் என்ன தவறு என்று கேட்டார். நான் பருப்பொருளை வழிபடவில்லை, எனக்காகப் பருப்பொருளை ஏற்றவரை வழிபடுகிறேன் என்பது அவருடைய வாதம். 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது, படத்துக்குச் செலுத்தும் வணக்கம் படத்தில் காணப்படுபவரைச் சென்றடைகிறது என்று தெளிவாக்கியது. பின்னர் புனித தெயோதோர், ஓவியத்தில் நாம் காண்பது தனியே பிரித்த ஒரு தன்மையை அல்ல, ஓர் ஆளையே என்று விளக்கினார். இன்று நம் கோயில்களில் படமும் சுரூபமும் இருப்பதற்கு ஓவியரோடு சிந்தனையாளரும் காரணம்.

அப்படியானால் சிந்தனை எசமானும் கலை வேலைக்காரருமா? அதுவும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், கலை என்பது செய்ய வேண்டிய பொருளைப் பற்றிய சரியான அறிவு என்று வரையறுத்தார். கலையே ஓர் அறிவு. அது கையின் வழியாகச் செயல்படுகிறது. அந்தக் கலையின் நன்மை, செய்தவரின் நல்ல எண்ணத்தில் அல்ல, செய்யப்பட்ட பொருளில் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். செருப்புத் தைப்பவர் எவ்வளவு பக்தியுள்ளவராயினும், சரியாகத் தைக்காவிட்டால் செருப்பு கடிக்கத்தான் செய்யும். பாடகர் குழுவின் பக்தி, தவறிய சுருதியைச் சரிசெய்யாது. நாமும் நல்ல மனதோடுதான் எனாமல் பூசினோம்.

கையில் குடியிருக்கும் அறிவுக்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் போர்வைத் துணியில் போடும் பூத்தையலைக் கண்டிருக்கிறோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் அந்த வேலைக்குத் துணியில் முன்கூட்டிக் கோடு போடுவதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. ஓர் இழை தவறினால் வடிவம் கோணும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கணக்கும் ஒழுங்கும் நினைவும் தாயிடமிருந்து மகளுக்கு விரல்வழி கைமாறுகின்றன. சிந்திக்காத கை என்று அதை யார் சொல்வார்?

கருத்தும் கைத்திறனும் ஒருவரிடமே கூடியதற்கு நம் தமிழ்நாட்டுச் சாட்சி வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு அவர். அவர் 1726-இல் முடித்த தேம்பாவணி, புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் அமைந்தது. உரைநடையில் மறைக்கல்வி எழுதத் தெரிந்தவர் ஏன் காப்பியம் பாடினார்? தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கும்போது, யூதேயா நாடு தமிழர் கண்ணுக்குத் தம் நாடு போலவே வளங்கொண்டு தோன்றுகிறது. கடவுள் ஒரு மண்ணில் பிறந்தார் என்றால் எந்த மண்ணின் மொழியும் அவரைத் தாங்கும் என்ற இறையியலை, விளக்காமலே அந்த வடிவம் சொல்லிவிடுகிறது. கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னை சேலை உடுத்திய தமிழ்த்தாயாக நிற்பதும் அதே சிந்தனையின் வேறு உருவம். தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணமும் எழுதியவர், யாப்பில் தவறு நேராமல் பார்த்துக்கொண்டார். பக்தி போதும், இலக்கணம் எதற்கு என்று அவர் எண்ணவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டின் 129-ஆம் எண், குருமாணவர்கள் மெய்யியலும் இறையியலும் கற்கும்போதே திருக்கலையின் வரலாற்றையும் அடிப்படைகளையும் கற்க வேண்டும் என்கிறது. அதை மாணவராக வாசித்தபோது நமக்கு அது சிறிய செய்தியாகத் தோன்றியது. எனாமல் பூசியபின்தான் பொருள் விளங்கியது.

நம் ஜெகதளா பங்கிலும் சிலுவைப்பாதைப் படங்களை மாற்றலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தப் படம் கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது? சொல்வதைச் செம்மையாகச் செய்த கை இதில் தெரிகிறதா? வேலை முடிந்து சேற்றுக் காலோடு வரும் ஒருவர் இதன்முன் நின்றால், தம் வலியை அறிந்தவர் இவர் என்று உணர்வாரா? நம் பிள்ளைகளில் யாராவது வரைவதிலோ பாடுவதிலோ நாட்டம் காட்டினால், "சோறு போடுமா?" என்று கேட்டு நிறுத்திவிடாமல், முறையாகக் கற்கவும் வழிசெய்வோம்.

அந்தச் சுரூபத்தின் எனாமலை அடுத்த தவக்காலத்தில் சுரண்டி எடுக்கச் செய்தோம். பழைய வண்ணமும் அதோடு பெரும்பகுதி போய்விட்டது. அந்த இழப்பை இனி ஈடுசெய்ய முடியாது. மரம் தெரிந்தது, உளி பட்ட காயமும் தெரிந்தது. பெரிய வெள்ளியன்று அந்த அம்மா வந்தார். நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே முழந்தாளில் இருந்தார்.