மூன்றெழுத்துக்குள்ளே முப்பாட்டன்

"பெயர் என்ன?" என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவோம். "குடும்பப் பெயர் என்ன?" என்று ஒரு கட்டம் போட்டுக் கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்போம். பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அந்தக் கட்டம் வந்து நிற்கிறது. சரி, ஏதாவது எழுதவேண்டுமே என்று பிள்ளையின் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். அண்ணன் பிள்ளைகளுக்கு அண்ணன் பெயர் குடும்பப் பெயர் ஆகிறது. தம்பி பிள்ளைகளுக்குத் தம்பி பெயர். ஒரே வீட்டுப் பேரப்பிள்ளைகள் காகிதத்தில் யாரோ எவரோ ஆகிவிடுகிறார்கள்!

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் குடும்பப் பெயரின் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது 'விலாசம்'. தபால்காரர் தேடும் முகவரியைச் சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கிறதே எழுத்துக்கள், அதற்குத்தான் இங்கே விலாசம் என்று பெயர். மற்ற ஊர்களில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு முடிந்துவிடும். நகரத்தார் வீடுகளில் ஐயா, ஐயாவைப் பெற்ற ஐயா என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போகும்.

செட்டிநாட்டு அரசர் குடும்பத்தையே பாருங்களேன். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் தகப்பனார் பெயர் முத்தையா. அண்ணாமலை செட்டியாரின் மூத்த மகன் பெயரும் முத்தையா. அந்த முத்தையாவின் மகன்தான் எம்.ஏ.எம். ராமசாமி (1931–2015). எம் – முத்தையா, ஏ – அண்ணாமலை, மறுபடி எம் – முத்தையா. மூன்றே எழுத்தில் மூன்று தலைமுறை அடங்கிவிட்டது. தலைமகனுக்குத் தகப்பனைப் பெற்ற ஐயா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அதனால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வரும். இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் பழைய காகிதம் எதையும் பாதி படித்துவிடலாம்.

மீதிப் பாதியில்தான் சிக்கல்!

எழுத்து செய்யும் குழப்பம்

'ராம' என்று இருந்தால் அது ராமநாதனா, ராமசாமியா? காரைக்குடியில் 1947-ல் கல்லூரி தொடங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியாருக்கு (1909–1957) அது தகப்பனார் ராமநாதன். அடுத்த வீட்டில் அதே 'ராம' ராமசாமியாக இருக்கும். 'சித' என்றால் சிதம்பரம். அதை ஆங்கிலத்தில் 'சி.டி.' என்று இரண்டெழுத்தாகப் போடுவார்கள். விவரம் தெரியாதவர் அதை இரண்டு ஆளாக எண்ணிவிட்டால் வம்சத்தில் ஒரு தலைமுறை இலவசமாகச் சேர்ந்துவிடும்.

பெயர்களும் இப்படித்தான். மெய்யப்பனுக்கு ஒருவர் இரண்டு 'ஒய்' போடுவார், ஒருவர் 'ஐ'யும் 'ஒய்'யும் போடுவார், இன்னொருவர் ஒரே ஒரு 'ஒய்'யோடு சிக்கனமாக முடித்துவிடுவார். இங்கே லட்சுமணன், மலேயாக் காகிதத்தில் லெட்சுமணன். வைரவனும் வயிரவனும் ஒருவரேதான். 'செட்டியார்' என்பதற்கே ஒரு வழியில்லை. சென்னையில் 'ஐ' போட்டு எழுதினார்கள். ரங்கூன் காகிதங்களில் 'ஒய்' போட்டு எழுதினார்கள். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் அவர்களின் பெயரிலும் அந்த 'ஒய்'தான். இலங்கையில் கொழும்புச் செட்டிகள் என்று வேறொரு சமூகம் உண்டு. அவர்களில் தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தை 1859-ல் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டியின் பெயரும் புத்தகத்துக்குப் புத்தகம் எழுத்து மாறி வருகிறது.

ஆகவே, எழுத்து வித்தியாசத்தைப் பார்த்து "இவர் நம்மவர் இல்லை" என்று தள்ளிவிடக் கூடாது. எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று அணைத்துக்கொள்ளவும் கூடாது.

கொண்டுவிற்கப் போனவர்கள்

1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. கடைக்குப் பெயர்ப்பலகையே முதலாளியின் விலாசம்தான். ரங்கூன் கோர்ட்டுத் தீர்ப்புகளில் வழக்கின் பெயரே வெறும் விலாச எழுத்துக்களாக இருக்கும். பொதுவாக மூன்று வருஷத் தவணைக்கு ஏஜெண்டாகப் போனவர், கையெழுத்துப் போட்டது முதலாளியின் விலாசத்தில். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் சம்பந்தமே இல்லாத எழுத்தோடு பர்மாக் காகிதம் கிடைத்தால், ஐயா அந்தக் கடையில் ஏஜெண்டாக இருந்தாரா என்று முதலில் விசாரியுங்கள்.

இன்னொரு முடிச்சு, பிள்ளை கூட்டிக்கொள்வது. சுவீகாரம் போன பிள்ளைக்கு விலாசம் மாறிவிடும். சில சமயம் பெயரே மாறிவிடும். கவிஞர் கண்ணதாசன் 1927-ல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவர். சிறு வயதில் காரைக்குடிக்குச் சுவீகாரம் வந்து நாராயணன் ஆனவர். இது யாருக்கும் குறைவான சங்கதி இல்லை. ஆனால் எழுதி வைக்காவிட்டால், பெற்ற வீட்டு வழி இரண்டு தலைமுறையில் மறந்தே போகும்.

கோவில் காட்டும் வழி

இத்தனை குழப்பத்திலும் கைகொடுப்பது கோவில். நகரத்தாருக்கு ஒன்பது கோவில்: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. இந்தப் பெயர்களும் பேச்சில் மாறும். மாற்றூரை மாத்தூர் என்றுதான் சொல்வோம். எங்கள் பிள்ளையார்பட்டிக்கே மருதங்குடி, ராஜநாராயணபுரம் என்று பழைய பெயர்கள் உண்டு. பழைய ஏட்டில் 'மருதங்குடி' என்று கண்டால், வேறு ஊர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிள்ளையார்பட்டியும் இரணியூரும் சகோதரக் கோவில்கள். இரண்டுக்குள்ளும் கொண்டு கொடுப்பது இல்லை. அமெரிக்காவில் பிறந்த பையனும் சிங்கப்பூரில் வளர்ந்த பெண்ணும் பார்த்துப் பிடித்துப்போன பிறகு இது தெரியவந்தால் இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு மனவேதனை! கல்யாணத்துக்கு இரண்டு கோவிலிலிருந்தும் மாலை வரும். மாலை வந்தபின் அந்தத் தம்பதி கோவில் கணக்கில் ஒரு 'புள்ளி'. வாழ்க்கைத் துணையை இழந்தால் அரைப்புள்ளி. காகிதத்தில் குடும்பப் பெயர் எப்படி மாறினாலும் இந்தக் கணக்கு நம்மை அடையாளம் சொல்லும்.

நம்முடைய பெயர் எங்கே?

சகோதரிகளே, விலாசத்தில் இத்தனை ஆண்கள் இருக்கிறார்களே, ஒரு பெண்பிள்ளையாவது இருக்கிறாளா? முத்தையாவையும் அண்ணாமலையையும் பெற்றவர்கள் யாரென்று அந்த எழுத்துக்கள் சொல்லாது. அவர்களைத் தேட வேறு இடம் போகவேண்டும். அந்த இடமெல்லாம் நம் கைக்குள்ளேதான் இருக்கிறது.

முதலாவது, பாத்திரம். சீர் சாமானில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். பழைய பித்தளைக்குப் போடும்முன் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஆச்சி பிறந்த வீட்டு விலாசம் அதில் இருக்கலாம்.

இரண்டாவது, இசைகுடிமானம். கல்யாணத்தன்று இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை இது. 'இசைவு பிடிமானம்' என்பதுதான் இப்படி மருவியது என்பார்கள். பார்த்தீர்களா, சாட்சி சொல்லும் ஓலைக்கே எழுத்து மாறியிருக்கிறது! அதில் ஊர், விலாசம், இன்னார் மகள் இன்னாள் என்ற விவரம் கிடைக்கும். மொய்ப்பண ஏட்டையும் கூடவே வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, படைப்பு. பங்காளிகள் கூடிப் படைக்கும்போது, பல வீடுகளில் தெய்வமாக நிற்பவள் ஒரு பெண்தான். அவள் யார், யாருடைய மகள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். விலாசத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வரி. முழுப்பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய விதங்கள் எல்லாம், ஊர், கோவில். பக்கத்திலேயே அவருடைய மனைவி பெயரும், அந்த ஆச்சி பிறந்த ஊரும், கோவிலும். வீட்டில் கூப்பிடும் பெயரையும் விடாதீர்கள். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று பேரனை 'அப்பச்சி' என்றே கூப்பிட்டுப் பழகிய வீடுகளில் நிஜப்பெயர் மறைந்தே போயிருக்கும். பிள்ளை கூட்டியிருந்தால் எங்கிருந்து எங்கே என்று இரண்டு விலாசத்தையும் குறியுங்கள்.

அடுத்தபடியாக, வீட்டில் குழந்தை பிறந்தால், பிறப்புச் சான்றிதழ் எழுதும்முன் அண்ணன் தம்பிகள் கலந்து பேசி, குடும்பப் பெயர் என்ன, அதற்கு ஆங்கில எழுத்து என்ன என்று ஒன்றாக முடிவு செய்யுங்கள். விலாசத்தையே வைப்பதோ, ஐயா பெயரை வைப்பதோ உங்கள் இஷ்டம். எல்லாப் பேரன் பேத்திக்கும் அது ஒரே மாதிரி இருக்கட்டும்.

எண்பது வயது ஆச்சி ஒருவர் வீட்டில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. மத்தியானம் வெற்றிலை போட்டுச் சாய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒரு பெயர் கேட்டால் அவர் ஒன்பது பெயர் சொல்வார். நோட்டும் பேனாவும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.