பழுதான ரவுட்டரும் பழி சுமந்த பணிசெயல் முறைமையும்

வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பு ஒன்றிலுள்ள கணினி இலண்டனிலிருந்து ஒரு கோப்பைப் பெறும்போது, இணைப்பின் கொள்ளளவோடு தூரமும் அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. டிசிபி என்னும் நெறிமுறையின்படி, பெறும் கணினி தன்னால் ஏற்கக்கூடிய தரவின் அளவை, அதாவது தன் ‘பெறுகைச் சாளரத்தை’, பொதிதோறும் அறிவிக்கிறது. அனுப்பும் கணினி அவ்வளவை அனுப்பியபின் ஒப்புதல் வரும்வரை காத்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் வரையறை இவ்வெண்ணுக்கு 16 பிட் இடமே ஒதுக்கியதால், அது 65,535 பைட்டைத் தாண்டாது. கடலடி வடங்கள் வழியே இலண்டன் சென்று மீள 150 மில்லிசெக்கன் எனக் கொண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இணைப்பாயினும் ஒரு கோப்பு செக்கனுக்கு ஏறத்தாழ 3.5 மெகாபிட்டுக்கு மேல் இறங்காது.

இக்குறையைத் தீர்க்க 1992இல் ‘சாளரப் பெருக்கம்’ வகுக்கப்பட்டது. இணைப்பின் தொடக்கத்திலேயே இரு தரப்பும் ஒரு காரணியைச் சொல்லிக்கொள்ளும். பின்னர் வரும் எண்ணை இரண்டின் அத்தனையாம் அடுக்கால் பெருக்கினால் உண்மை அளவு கிடைக்கும். ஆனால் இடைவழியிலிருந்த சில ரவுட்டர்கள் அக்காரணியைப் பூச்சியமாக மாற்றி அனுப்பின. 2004இல் லினக்ஸ் பணிசெயல் முறைமையின் 2.6.8 பதிப்பு காரணியை 7 என வைத்தபோது, 5,840 பைட்டு என்பதைக் குறிக்கக் கணினி 45 என எழுத, மறுமுனை அதை வெறும் 45 பைட்டாகவே வாசித்தது. தளங்கள் திறக்க மறுத்தன.

விதிப்படி நடந்தது லினக்ஸே எனினும், பழைய பதிப்பில் திறந்த தளம் புதியதில் திறக்காததைக் கண்ட பயனர் பழியைப் புதியதன்மீதே போட்டார். மூலையில் மினுங்கிக்கொண்டிருந்த பெட்டியை எவரும் ஐயுறவில்லை. காரணி பின்னர் 2 ஆகக் குறைக்கப்பட்டது. அப்போது அறிவிக்கப்படும் எண் 1,460, அதாவது ஒரு முழுப் பொதி. ஆகவே தளம் மெதுவாகவேனும் திறந்தது. நோயைக் குணப்படுத்தாமல் மறைக்கும் வைத்தியம்தான் இது. ஆயினும் உலகெங்குமுள்ள ரவுட்டர்களைத் திருத்தும் அதிகாரம் எந்தப் பணிசெயல் முறைமைக்கும் இல்லை. 2007இல் பரவலாக வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவும் இதே சிக்கலில் மாட்டியது. பின்வந்த விண்டோஸ் பதிப்புகளில், பழுதான கருவியை அனுமானித்துச் சாளரத்தைத் தானே சுருக்கும் உத்தி சேர்க்கப்பட்டது.

இச்சிக்கலைத் தவிர்க்க அக்காலத்து அறிவுரையைக் கேட்டு, சாளர அளவைத் தானே மாற்றும் விண்டோஸின் தானியங்கிச் சாளரச் சீரமைப்பை முடக்கியவர்கள், முதலில் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, அவ்வமைப்பை மீண்டும் இயல்புநிலைக்குக் கொண்டுவருவது நல்லது.