ஸ்கேன் சொல்லாத வலிப்பு

முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பும் சேர்ந்து வருவது மற்றவர்களைவிட அதிகம். பேச வராத பிள்ளை திடீரென்று கையை உதறி, கண் செருகி நின்றால் அது வலிப்பா, பழகிப்போன அசைவா, மன நெருக்கடியா? "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே" என்றுதான் எந்த வீட்டிலும் தோன்றும்.

ஸ்கேன் அவசியம்தான். ஆனால் எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் அமைப்பை. கால்கை வலிப்போ நரம்பணுக்களில் எழும் மின்புயல். தழும்பு, கட்டி, புழுக்கட்டி போன்ற காரணங்கள் படத்தில் தெரியும். தெரிந்ததையும் தவறாகப் படிக்கலாம். 1980களில் இந்திய வலிப்பு நோயாளிகள் பலரின் சி.டி. ஸ்கேனில் சிறு வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தபோது, பலருக்கு அது நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு.

கால்கை வலிப்பு உள்ள பலருக்கு எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கும். மனம்சார்ந்த வலிப்பு வருபவருக்குப் படத்தில் பழைய தழும்பு ஒன்று இருக்கவும் கூடும். இரண்டாம் வகையில் உடல் துடிக்கும், நினைவு தப்பும். மூளையில் அந்த மின்புயல் மட்டும் இருக்காது. அதை நடிப்பு என்பது பெரிய அநியாயம். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. வலிப்பு மாத்திரை அதற்குக் கேட்காது. மனநல சிகிச்சைதான் வழி. இது தெரியாமல் வருடக்கணக்கில் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் ஏராளம்.

செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில், உணர்ச்சியையும் அசைவையும் ஆளும் பகுதிகளின் இணைப்பு மனம்சார்ந்த வலிப்பு வருபவர்களிடம் மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அது பலரின் படங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல இன்னும் போதாது. வலிப்பு தொடங்கியதுமே கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, ரத்த ஓட்டம் எங்கே கூடியது என்று பார்க்கும் ஸ்பெக்ட் ஸ்கேன் உதவும். ஆனால் அதுவும் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு முன் வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

நம்பத்தக்க சோதனை வீடியோ இ.இ.ஜி. ஆஸ்பத்திரியில் தங்கவைத்து, வலிப்பு வரும் நேரத்திலேயே உடலையும் மூளை மின்னலைகளையும் ஒருசேரப் பதிவு செய்வார்கள். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்திலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இது நடக்கிறது.

அதுவரை வீட்டிலிருக்கும் செல்போனே பெரிய உதவி. வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்க வேண்டாம். வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. இன்னொருவர் முகம் தெரியும்படி படம் எடுக்கட்டும். கால்கை வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்திருக்கும். மனம்சார்ந்த வலிப்பில் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும். மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அந்தக் கண்களைத்தான்.