முதலில் பேசியது யார்?

வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் போதும். அந்த வீட்டு அம்மாள் தினமும் மத்தியஸ்தம் செய்தாக வேண்டும். "அவன்தான் அம்மா முதலில் அடித்தான்!" "இல்லை அம்மா, அவள்தான் கிள்ளினாள்!" என்று இருவரும் கண்ணைக் கசக்கிக் கொண்டு வந்து நிற்பார்கள். இருவர் கையும் சிவந்திருக்கும். சிவந்த கையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? ஆரம்பித்தது யார் என்றல்லவா பார்க்க வேண்டும்!

வாள்வீச்சுப் பந்தயத்தின் மத்தியஸ்தருக்கும் இதே சங்கடம்தான்.

கத்திச் சண்டை என்றதும் நமக்கு எம்.ஜி.ஆரும் நம்பியாரும் சினிமாவில் மோதுவதுதான் ஞாபகத்துக்கு வரும். பந்தயம் அப்படியல்ல. 14 மீட்டர் நீளமுள்ள குறுகலான களத்தில் முன்னும் பின்னுமாகத்தான் நகர வேண்டும். வாள் பட்டால் மின்சார விளக்கு எரியும்: ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்குப் பச்சை. "அப்புறம் மத்தியஸ்தர் எதற்கு?" என்பீர்கள். இரண்டு விளக்கும் சேர்ந்தே எரிந்தால் என்ன செய்வது?

'எப்பே' என்ற வாளில் தொல்லை இல்லை. இருவருக்கும் ஆளுக்கொரு புள்ளி. 'ஃபாயில்', 'சேபர்' என்ற மற்ற இரண்டில் ஒருவருக்குத்தான் புள்ளி. அதைத் தீர்மானிக்கும் விதிக்கு ஆங்கிலத்தில் சாலை விதியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: 'ரைட் ஆஃப் வே', அதாவது வழி உரிமை. பாரதத்துப் பெயர் கொண்ட அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு வந்து ஜி.எஸ்.டி. ரோடில் திரும்புகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேரே வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். அவசரப்பட்டு மூக்கை நுழைத்தால் இரண்டு வண்டியும் நசுங்கும். தப்பு மட்டும் ஒருவருடையது.

மத்தியஸ்தர்கள் மோதலைச் சம்பாஷணையாகவும் பார்க்கிறார்கள். ஒரு மோதல் முழுவதற்கும் பிரெஞ்சு மொழியில் 'வாக்கியம்' என்றே பெயர். தடுத்துவிட்டுத் திருப்பித் தாக்குவது 'ரிபோஸ்ட்'. அதற்குப் பதில் என்று அர்த்தம். கையை நீட்டி முன்னேறுகிறவர் பேசுகிறார். எதிராளி அதைத் தடுத்த பிறகு அவருடைய முறை. தடுக்காமலே வாளை வீசினால் அது குறுக்குப் பேச்சு. இரண்டு விளக்கும் எரிந்தால் அவருக்குப் புள்ளி கிடையாது. சேபரில் இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்தால் யாருக்கும் இல்லை. இத்தனையையும் கண நேரத்தில் கண்டு, கை ஜாடையால் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்ட வேண்டும்.

இந்த விதி வெறும் சம்பிரதாயம் அல்ல. கூரான வாள் நெஞ்சை நோக்கி வரும்போது புத்தியுள்ளவன் முதலில் தன்னைக் காத்துக் கொள்வான். தடுக்காமல் திருப்பி வெட்டினால் இருவருமே சாக வேண்டியதுதான்!

நம் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பவானி தேவியின் ஆயுதம் சேபர்தான். 14 வயதில் துருக்கியில் முதல் சர்வதேசப் பந்தயத்துக்குப் போனார். மூன்று நிமிஷம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்புச் சீட்டுக் காட்டி விலக்கிவிட்டார்கள். அதே பெண் 2021-ல் டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். முதல் ஆட்டத்தில் 15-3 என்று வெற்றி. அடுத்ததில் பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோல்வி. 2023-ல் சீனாவின் வூஷி நகரில் உலக சாம்பியன் மிஸாகி எமுராவை 15-10 என்று வென்று ஆசிய வெண்கலமும் பெற்றார்.

பல வருஷப் பயிற்சியின் பலன் சில சமயம் மத்தியஸ்தரின் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. அதனால்தான் வீடியோவைத் திரும்பப் பார்க்கும்படி கேட்க வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் வீடியோ காட்டத்தான் காட்டும். பேசியது யார், குறுக்கிட்டது யார் என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை டெலிவிஷனில் வாள்வீச்சு வந்தால் விளக்கை மறந்துவிட்டு இருவர் கைகளையும் கவனியுங்கள். தினமும் வீட்டில் தீர்ப்புச் சொல்லிப் பழகிய உங்களுக்கு அது கஷ்டமா என்ன?