கொள்முதலுக்குப் போகிறவர் கொழும்பையும் பார்த்து வரலாமே!

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "கொழும்பா? அது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு" என்பார். மாதத்தில் இரண்டு தடவை போய் வருகிறவர் அப்படிச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் கொழும்பில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பஸ் நிலையம், மொத்தக் கடை, லொறி நிற்கும் இடம், மறுபடியும் பஸ் நிலையம் என்று நான்கு இடத்தோடு கணக்கு முடிந்துவிடும். வீட்டிலுள்ளவர்களின் நிலை இதைவிட மோசம். அவர்கள் கொழும்பைக் கண்டிருந்தால் அது பெரியாஸ்பத்திரிக்கோ, கடவுச்சீட்டு எடுக்கவோ, வெளிநாடு போகிறவரை வழியனுப்பவோ போனதாகத்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. வன்னி மக்களுக்குக் கொழும்பு நீண்ட காலம் பயந்து பயந்து போய்வரும் ஊராகவே இருந்தது. 2002 ஆம் ஆண்டு திறந்த ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடி அகற்றப்பட்டது 2015 ஆம் ஆண்டில்தான். அந்த நாட்களில் வேலை முடிந்ததும் ஊர் திரும்புவதே புத்தி என்று பழகிவிட்டோம். நிலைமை மாறிய பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

இன்று 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்ட புகையிரதப் பாதை இருக்கிறது. வவுனியாவிலிருந்து கொழும்பு சுமார் 250 கிலோமீற்றர்தான். இரவு ஏறினால் காலையில் புறக்கோட்டையில் இறங்கலாம். இந்தப் பயணத்தில் ஒரு நாளைக் கூட்டினால் என்ன கிடைக்கும் என்பதே இவ்வாரம் நாம் பேசப்போகும் விடயம். வியாபாரப் பக்கத்தில் உல்லாசப் பயணத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கொழும்பில் பார்க்க வேண்டியவற்றில் பாதி, வியாபாரிகள் கட்டியதும் வியாபாரத்தால் உண்டானதுமே. சரக்கு வாங்கும் ஊரின் சரித்திரம் தெரிந்தவருக்கு அங்குள்ள மனிதரையும் புரியும்.

சனி கொள்முதல், ஞாயிறு பார்வை

முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகப் பல கடைகள் மூடப்படும். போயா தினத்தில் சந்தை ஓய்ந்திருக்கும். ஞாயிறன்று பெரும்பாலான மொத்தக் கடைகள் திறப்பதில்லை. ஆகவே வெள்ளி இரவு புறப்பட்டு, சனிக்கிழமை கொள்முதலை முடித்து, சாமானை லொறியில் போட்டு, பற்றுச்சீட்டை வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். ஞாயிறு உங்களுடையது. சனிக்கிழமை நாட்டாமிமாரின் தள்ளுவண்டிக்கு வழிவிட்டே கால் நோகும் தெருக்கள் ஞாயிறன்று ஓரளவு அடங்கிக் கிடக்கும். பெயர்ப்பலகைகளுக்கு மேலே நிமிர்ந்து பழைய கட்டடங்களைப் பார்க்கலாம்.

புறக்கோட்டை: முதல் பார்வை இங்கேதான்

கோட்டைக்கு வெளியே உள்ளது புறக்கோட்டை. ஆங்கிலத்தில் 'பெட்டா' என்று எழுதுகிறார்களே, அது நமது 'பேட்டை' என்ற சொல்லிலிருந்து போனதுதான். பிரதான வீதியின் தொடக்கத்தில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீர்கள். பம்பாயிலிருந்து வந்து வர்த்தகம் செய்த கான் என்ற பார்சிக் குடும்பத்தினர் தமது தந்தையின் நினைவாக 1923 இல் கட்டிய கோபுரம் அது. வழிப்போக்கர் தாகம் தீர்க்கத் தண்ணீர் வசதியும் வைத்துத்தான் கட்டினார்கள்.

அங்கிருந்து இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு நடந்தால் சிவப்பும் வெள்ளையுமாக ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். தமிழ் பேசுவோர் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வர்த்தகர்கள் தமது தொழுகைக்காக 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. முறைப்படி கட்டடக் கலை படித்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. மாதுளம்பழம் போன்ற அதன் குவிமாடங்களைப் பார்க்க இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நாம் மட்டும் பக்கத்துக் கடையில் பில் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

பிரதான வீதியின் மறுமுனையில் கைமன் வாசல் மணிக்கூண்டு இருக்கிறது. கைமன் என்றால் முதலை. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டை அகழியில் முதலைகள் கிடந்ததால் வந்த பெயர் என்கிறார்கள். அதற்கு அருகே 1873 இல் கட்டிய பழைய நகர மண்டபம். உள்ளே அக்கால மாநகர சபை உறுப்பினர்கள் கூட்டத்தில் இருப்பது போல உருவங்களைச் செய்து உட்கார வைத்திருக்கிறார்கள். மேட்டில் ஏறினால் 1757 இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம். பிரின்ஸ் வீதியில் 1982 முதல் ஒல்லாந்தர் நூதனசாலையாக விளங்கும் கட்டடம் முன்னர் தபால் கந்தோராகவும் இருந்தது. திருத்த வேலைக்காக மூடும் வழக்கம் உண்டு. விசாரித்துவிட்டுப் போங்கள்.

இந்தத் தெருக்களில் ஒரு வியாபாரப் பாடமும் இருக்கிறது. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம், நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் வெங்காயமும், பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமானும் பெயின்டும், கபோஸ் ஒழுங்கையில் மருந்து மூலிகை, செட்டியார் தெருவில் தங்கம், கொஞ்சம் தள்ளிப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம். ஒரே சாமானை விற்கும் நூறு பேர் ஒரே தெருவில் இருக்கிறார்கள். நமது ஊரில் பக்கத்தில் இன்னொரு புடவைக் கடை திறந்தால் தூக்கம் போய்விடும். இங்கே பக்கத்துக் கடை இருப்பதால்தான் வாடிக்கையாளர் அந்தத் தெருவைத் தேடி வருகிறார். தன்னிடம் இல்லாத சாமானைப் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துத் தருகிறவரையும் இங்கேதான் காணலாம். மகனைக் கடையில் உட்கார வைக்க நினைக்கும் வாப்பாமார் இதை வாயால் சொல்லிக் கொடுப்பதைவிட ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

இந்தத் தெருக்களில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் வெளியிலிருந்து வந்தவர்கள். சோனகர், செட்டியார், போரா, மேமன், பார்சி, சிந்தி, மலையாளி என்று பட்டியல் நீளும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களிலும் சிலர் இங்கே வந்து வியாபாரத்தை முதல் ரூபாயிலிருந்து தொடங்கினார்கள். வந்தவரை வாழ வைத்த ஊர் இது.

ஆனால் வலியும் உண்டு. 1987 ஏப்ரல் 21 ஆம் திகதி புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். முப்பத்திரண்டு வருடங்களின் பின் அதே ஏப்ரல் 21 இல், 2019 உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. எமது சமூகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்த சிலர் செய்த பாதகம் அது. தேவாலயம் செட்டியார் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. எல்லா மதத்தவரும் போகும் இடம். வாசலில் ஒரு நிமிடம் நின்று வருவதால் நமக்கு எதுவும் குறைந்துவிடாது. பிள்ளைகள் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்.

கோட்டையும் காலிமுகத்திடலும்

கோட்டைக்குள் போனால் நடை சுலபம். யோர்க் வீதியில் சிவப்புச் செங்கல் நிறத்தில் நிற்கும் கார்கில்ஸ் கட்டடம் 1906 இல் முடிந்தது. 1844 இல் தொடங்கிய ஒரு கடையின் பெயர் இன்றும் நாடு முழுவதும் பலகையில் இருப்பது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம். சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் கோபுரம் மணிக்கூடாகவும் வெளிச்சவீடாகவும் இருந்தது. 1857 இல் கட்டப்பட்ட அதன் வடிவத்தை வரைந்தவர் ஆளுநர் வார்டின் மனைவி. பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் வைத்தியசாலையைத் திருத்தி 2011 டிசம்பரில் கடைத்தொகுதியாகத் திறந்தார்கள். அங்கே ஒரு தேத்தண்ணீரின் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். பழைய ஓட்டுக் கூரையையும் மரத் தூணையும் இடிக்காமல் வைத்திருந்து அதையே காசாக்கும் வித்தையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பின்னேரம் காலிமுகத்திடல். அந்த வார்ட் ஆளுநர்தான் 1856 முதல் 1859 வரையில் இந்த நடைபாதையை அமைத்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணும்படி பின்வரும் ஆளுநர்களைக் கேட்டு ஒரு கல்லும் நாட்டினார். 2022 இல் நாடே இங்கு திரண்டு ஒரு ஜனாதிபதியைப் பதவி விலகச் செய்தது. முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கடல் புதிதல்ல. ஆனால் ஊரிலுள்ள எல்லாச் சாதி மத மக்களும் பாய் விரித்து, பட்டம் விட்டு, இறால் வடை தின்றுகொண்டிருக்கும் கடற்கரை அதற்குப் புதிது. நுழைவுக் கட்டணம் இல்லை. பக்கத்தில் கடலை நிரப்பி 269 ஹெக்டெயரில் உண்டாக்கிய துறைமுக நகரத்தையும் இங்கிருந்தே பார்க்கலாம்.

தவறவிடக் கூடாத கல்

ஒரேயொரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தேசிய நூதனசாலைக்குப் போங்கள் என்பேன். 1877 ஜனவரி 1 ஆம் திகதி ஆளுநர் கிரகரி திறந்து வைத்த கட்டடம். கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடினால் போதும் என்று அவர் கேட்டதாகச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. நீண்ட காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது.

உள்ளே கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். நீங்கள் மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல் அது. அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் உள்ள ஆண்டு 1409. 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையின் இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் புகழ் சொல்லி, கொடுத்த பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகளைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அறுநூறு வருடத்துக்கு முன் இந்தத் தீவில் வியாபாரம் செய்ய வருகிறவர் எந்த மொழிகளில் பேச வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தமிழ் பேசும் நாம் இந்நாட்டின் சந்தைக்கு நேற்று வந்தவர்கள் அல்லர் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்காக

கல்லும் கட்டடமும் பிள்ளைகளுக்கு அலுக்கும். நூதனசாலைக்கு அருகிலேயே விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது. அங்கே ஓட விடலாம். தெகிவளை மிருகக்காட்சிசாலை 1936 முதல் அரசாங்கத்திடம் உள்ளது. அதற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். பேரை வாவிக் கரையில் சுமார் 350 மீற்றர் உயரத்தில் நிற்கும் தாமரைக் கோபுரம் 2022 செப்டம்பர் 15 முதல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டிருக்கிறது. சீனக் கடனில் கட்டியதென்று திட்டிக்கொண்டே எல்லோரும் ஏறுகிறார்கள். மேலேயிருந்து துறைமுகமும் நீங்கள் சரக்கு எடுக்கும் தெருக்களும் ஒரு பாயில் விரித்தாற்போல் தெரியும்.

செலவைப் பற்றி

ஒரு நாள் மேலதிகமாகத் தங்கினால் விடுதி வாடகை, இரண்டு மூன்று வேளைச் சாப்பாடு, முச்சக்கரவண்டி இவைதான் செலவு. மீற்றர் உள்ள வண்டியில் ஏறுங்கள், அல்லது தொலைபேசியில் அழைக்கும் வண்டியைப் பிடியுங்கள். புறக்கோட்டையையும் கோட்டையையும் நடந்தே பார்க்கலாம். சரக்குப் பணம் மிச்சமிருந்தால் அதைச் சனிக்கிழமையே செலுத்தி முடித்துவிட்டு, சுற்றிப் பார்க்கக் கைச்செலவுக் காசோடு போங்கள். காலிமுகத்திடல் பக்கம் வலிய வந்து சிநேகம் பிடித்து "இன்றைக்குப் பெரஹரா, கூட்டிப் போகிறேன்" என்று சொல்வோரிடம் சலாம் சொல்லி விலகிவிடுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். முன்பு அதைச் சோதனைச் சாவடியில் நீட்டினோம். இப்போது உள்நாட்டவருக்கான குறைந்த கட்டண நுழைவுச்சீட்டு வாங்க உதவும்.

நமது கடைகளில் வருட முடிவில் இருப்பெடுக்கும்போது விலைபோகாமல் தங்கிவிட்ட சாமானின் பெறுமதி எவ்வளவு என்று பாருங்கள். அதில் ஒரு பங்கு இருந்தால் வீட்டார் எல்லோரையும் கொழும்புக்கு அழைத்துப் போய் வந்துவிடலாம். பாடசாலை விடுமுறை வருகிறது. அடுத்த கொள்முதலை அந்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டு, இப்போதே புகையிரத ஆசனங்களைப் பதிவு செய்துவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் அவை விரைவில் முடிந்துவிடும்.